சிட்னி பெஷே: சாக்சபோனின் முதல் மேதை ஏன் வரலாற்றின் ஓரத்தில் நிற்கிறார்?

பழையதட்டு எழுதியது:

ஜாஸ் சாக்சபோனைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கோல்மன் ஹாக்கின்ஸிடம் தொடங்கி, லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன் என்று ஒரே தடத்தில் நடந்துவிடுகிறார்கள். அந்தத் தடத்துக்கு முன்பே நிற்கும் சிட்னி பெஷேக்கு ஒரு பத்தி ஒதுக்கி, சோப்ரானோ (உயர்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் சிறிய சாக்சபோன்) வாசித்தவர், பிரான்சில் புகழ் பெற்றவர் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இந்த இழையை நான் தொடங்குவதற்கு அந்த ஒற்றைப் பத்திதான் காரணம்.

1923 ஜூலை 30 அன்று நியூயார்க்கில், ஓக்கே நிறுவனத்துக்காக, கிளாரன்ஸ் வில்லியம்ஸின் புளூ ஃபைவ் குழுவோடு பெஷே இசைத்தட்டின் இரண்டு பக்கங்களைப் பதிவு செய்தார். ‘வைல்ட் கேட் புளூஸ்’ ஒன்று, ‘கேன்சஸ் சிட்டி மேன் புளூஸ்’ மற்றொன்று. நியூ ஆர்லியன்ஸ் மரபுப்படி மெட்டை எடுத்துச் செல்ல வேண்டியவர் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்த தாமஸ் மோரிஸ். ஆனால் தட்டைச் சுழலவிட்டால் முதலிலிருந்து கடைசிவரை நம் காதைப் பிடித்து வைத்திருப்பது சோப்ரானோதான். லூயி ஆம்ஸ்ட்ராங் அதே ஆண்டு ஏப்ரலில் கிங் ஆலிவரின் குழுவில் இருந்தபடி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார் என்பது உண்மை. எனினும் அங்கே அவர் இரண்டாவது கார்னெட்காரர், ஆசானின் நிழலில் நின்றவர். ஒரு முழுத் தட்டையும் தன் தோளில் தாங்கிச் செல்லும் தனிக்குரல் என்று பார்த்தால், பெஷே ஆம்ஸ்ட்ராங்கை முந்திக்கொண்டார். ஹாக்கின்ஸோ அந்த நாட்களில் நாக்கால் ரீட்டை, அதாவது ஊதுமுனையில் அதிரும் நாணல் தகட்டை, தட்டித் தட்டி, மேடை வேடிக்கை போல வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஏன் ஒரு கிளைப்பாதையாக மட்டும் நினைவுகூரப்படுகிறார்? என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பெஷேயால் எந்தக் குழுவிலும் இரண்டாவது குரலாக இருக்க முடியவில்லை. அவர் தேர்ந்தெடுத்த கருவி, போட்ட சண்டைகள், கடல் கடந்து மீண்டும் மீண்டும் போனது, கடைசியில் பிரான்சில் தங்கியது ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரே குணம் ஓடுகிறது. அமெரிக்க ஜாஸ் வரலாறு 1920-களின் பிற்பகுதியிலிருந்து பெரிய குழுக்களின் வரலாறாக மாறியபோது, குழுவுக்குள் அடங்காதவருக்கு அதில் நாற்காலி இல்லாமல் போயிற்று. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

நூலகத்துமேசை எழுதியது:

குணத்தைக் கொண்டு வாழ்க்கை முழுவதையும் விளக்கிவிடும் முறையில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு, ஐயா. அதற்கு முன் சில நடைமுறைக் காரணங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெஷே 1897-இல் நியூ ஆர்லியன்ஸில், கிரியோல் (பிரெஞ்சுப் பண்பாட்டில் ஊறிய கலப்பின) குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஓமர் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். அண்ணன் லியனார்ட் பிற்காலத்தில் பல் மருத்துவரானவர், டிராம்போன் வாசித்தவர், சில்வர் பெல்ஸ் என்ற குழுவை நடத்தியவர். கிரியோல் குடும்பங்களில் இசை என்றால் முறையான பயிற்சி, சுரக்குறிப்பைப் படித்து வாசித்தல் என்ற கட்டுப்பாடு இருந்தது. லொரென்சோ டியோ, ஜார்ஜ் பாக்கே, ‘பிக் ஐ’ லூயி நெல்சன் ஆகிய மூவரிடமும் சிறுவன் சிட்னி கிளாரினெட் கற்றான் என்றாலும், குறிப்பைப் படிப்பதில் மட்டும் கடைசிவரை அக்கறை காட்டவில்லை. காதில் விழுந்ததை விரலுக்குக் கொண்டுவருவது அவருக்கு அவ்வளவு எளிதாக இருந்ததால், தாளைப் பார்க்கும் தேவையே அவருக்குத் தோன்றவில்லை.

இந்தச் சிறு விஷயம்தான் பிற்காலத்தில் பெரிதாயிற்று என்பது என் எண்ணம். 1920-களின் நடுவிலிருந்து ஃபிளெட்சர் ஹெண்டர்சன், டியூக் எலிங்டன் போன்றோரின் குழுக்கள், யார் எதை வாசிப்பது என்று தாளில் எழுதி வைக்கப்பட்ட இசையமைப்புகளை நம்பி வளர்ந்தன. சாக்சபோன் வரிசை என்பது மூன்று, நான்கு பேர் ஒரே மூச்சில் ஒரே தாளைப் படிக்கும் இடம். அங்கே குறிப்பைப் படிக்காதவரை உட்கார வைக்க எந்தத் தலைவருக்கும் வசதிப்படாது. பெஷே 1924-இல் எலிங்டனின் குழுவில் சிறிது காலம் இருந்தார், பிறகு இல்லை.

இன்னொன்று. பெஷேயைப் பற்றிப் பேசும்போது சுவிட்சர்லாந்து இசை நடத்துநர் எர்னெஸ்ட் ஆன்செர்மே எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வில் மரியன் குக்கின் சதர்ன் சின்கொப்பேட்டட் ஆர்கெஸ்ட்ராவோடு பெஷே 1919-இல் லண்டனுக்குப் போனார். அங்கே அவர்களைக் கேட்ட ஆன்செர்மே அதே ஆண்டு அக்டோபரில், இந்தக் கலைஞனின் பெயரைத் தாம் மறக்கப் போவதில்லை என்றும், இவன் போகும் வழியே நாளை உலகம் முழுவதும் போகும் நெடுஞ்சாலையாகக்கூடும் என்றும் எழுதினார். அதே கோடையில் லண்டனில் பாலே மேடைக்கு இசை நடத்திக்கொண்டிருந்த ஒரு முன்னணிக் கலைஞர், பெயர் தெரியாத கறுப்பின இளைஞனைப் பற்றி இப்படி எழுதியது அக்காலத்தில் சாதாரணமல்ல. ஆனால் ஆன்செர்மே கேட்டது கிளாரினெட் வாசிப்பை. சாக்சபோன் வரலாற்றில் அந்தக் கட்டுரையைச் சான்றாக வைக்கும்போது இதைச் சொல்லிவிட்டு வைப்பது நல்லது.

நாணல்ரீட் எழுதியது:

சோப்ரானோவைக் கையில் எடுத்து வாசித்துப் பார்த்தவன் என்ற முறையில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனெனில் விவாதத்தின் பாதி விடை அதற்குள் இருக்கிறது.

லண்டனில் வார்டூர் தெருக் கடையொன்றில் பெஷே நேரான சோப்ரானோ சாக்சபோனை வாங்கினார். அதற்கு முன் சிகாகோவில் வளைந்த வடிவத்தில் ஒன்றை முயன்று, ஒலி பிடிக்காமல் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். கிளாரினெட்டிலிருந்து வருகிறவருக்குச் சோப்ரானோ கைக்கு அந்நியமாக இராது. நீளமும் பிடியும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டும் ஒரே அடிப்படைச் சுருதி கொண்ட பி-ஃபிளாட் கருவிகள். ஆனால் கிளாரினெட்டின் குழல் உருளை வடிவம், சாக்சபோனுடையது கூம்பு வடிவம். அதனால் கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது சுரம் பன்னிரண்டாம் இடத்துக்குப் போகும், சாக்சபோனில் நேராக எட்டாம் இடத்துக்குப் போகும். பெஷே நியூ ஆர்லியன்ஸில் எல்லோரும் வைத்திருந்த ஆல்பர்ட் முறை என்ற பழைய விரல்முறைக் கிளாரினெட்டில் வளர்ந்தவர்; இரண்டு விரல்முறைகளையும் ஒரே மேடையில் மாற்றி மாற்றி வாசித்தார்.

சோப்ரானோவின் பெரிய தொல்லை சுருதி. குழல் குட்டை என்பதால் உதட்டின் பிடியில் மயிரிழை தளர்ந்தாலும் சுரம் இறங்கிவிடும், இறுகினால் ஏறிவிடும். குறிப்பாக மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்த வேண்டும். பெஷேயின் அகன்ற, வேகமான வைப்ரேட்டோவை, அதாவது சுர நடுக்கத்தை, சிலர் அலங்காரம் என்றும், சிலர் ஆட்டுக் கத்தல் என்றும் சொல்வார்கள். நான் அதை வேறு விதமாகக் கேட்கிறேன். அந்த நடுக்கம் சுருதியின் இரு பக்கமும் சமமாக ஓடி, கேட்பவர் காதில் நடுப்புள்ளியை நிறுத்துகிறது. அதோடு, ஒலிவாங்கி இல்லாமல், ஒலியைப் பிடிக்கும் கூம்பின் முன் நின்று வாசித்த அந்தக் காலத்தில், மெல்லிய கருவி ஒன்றை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே எழுப்பிக் காட்டுகிறது.

இங்கேதான் பழையதட்டு ஐயாவின் கருத்துக்கு நான் நெருங்கி வருகிறேன். நியூ ஆர்லியன்ஸ் குழுவில் கார்னெட் மெட்டைச் சொல்லும், டிராம்போன் கீழே தாங்கும், கிளாரினெட் மேலே சுற்றிச் சுற்றிக் கொடி படரும். கிளாரினெட்காரர் எவ்வளவு மேதையாக இருந்தாலும் அவர் படர்கிறவர்தான். சோப்ரானோ சாக்சபோனுக்குக் கார்னெட்டோடு நேருக்கு நேர் நிற்கும் ஒலிக்கனம் உண்டு. பெஷே அதை வாங்கிய நாளில், குழுவுக்குள் தமக்கு விதிக்கப்பட்டிருந்த இடத்தை மாற்றிக்கொண்டார் என்றே சொல்வேன்.

கரிசல்காடு எழுதியது:

பாரிஸில் துப்பாக்கிச் சண்டை போட்டுச் சிறைக்குப் போனவர் இவர்தானே? பெஷே தவறான கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வாசித்ததாகச் சக கலைஞர் ஒருவர் சொன்னதற்காக, "சிட்னி பெஷே தவறான கார்ட் வாசிப்பதில்லை" என்று சொல்லித் துப்பாக்கியை எடுத்தாராம். அந்த ஒரு கதை போதும், பழையதட்டு ஐயா சொல்வதற்குச் சாட்சியாக.

நூலகத்துமேசை எழுதியது:

அந்த வசனம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை, தம்பி. சொல்லச் சொல்லச் சுவை கூடிய கதைகளைச் சாட்சியாக வைக்க வேண்டாம்.

நடந்தது இவ்வளவு. 1928 டிசம்பரில் ஒரு விடியற்காலையில், மோன்மார்த்தர் பகுதியின் இரவு விடுதிகளுக்கு வெளியே, பாஞ்சோ கலைஞர் மைக் மெக்கெண்ட்ரிக்குக்கும் பெஷேக்கும் வாய்ச்சண்டை முற்றி இருவரும் சுட்டுக்கொண்டனர். சண்டைக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள், குண்டடிபட்டவர்கள் பியானோ கலைஞர் குளோவர் காம்ப்டன், நடனப் பெண் ஒருவர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வழிப்போக்கர் ஒருவர். பெஷேக்குப் பதினைந்து மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. ஃபிரேன் சிறையில் பதினொரு மாதம் இருந்தார், பிறகு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். வெளியேற்றம் அவருக்குப் புதிதுமல்ல. 1922-இல் லண்டனில் ஒரு பெண்ணைத் தாக்கியதாகத் தண்டிக்கப்பட்டு, அங்கிருந்தும் கப்பலேற்றப்பட்டிருந்தார். அந்தக் குற்றச்சாட்டை அவர் மறுத்தார் என்பதையும், மறுப்பு ஏற்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேதைமை என்ற ஒரே சொல்லால் இவற்றை மூடிவிடக் கூடாது. வழிப்போக்கருக்கு அந்தக் காலையில் ஜாஸ் வரலாற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இசை வரலாற்றுக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி வேறு. 1925 செப்டம்பரில் நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கரோடு ‘ரெவ்யூ நேக்ர’ நிகழ்ச்சிக்காகப் பாரிஸ் போன பெஷே, அடுத்த ஆண்டு மாஸ்கோ வரை போய், ஜெர்மனியிலும் பிரான்சிலும் சுற்றி, சிறையும் முடித்து, பெர்லினில் வாசித்து, அதன்பிறகே அமெரிக்கா திரும்பினார். ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களின் பதிவுகள் வெளிவந்த 1925 முதல் 1928 வரையான அதே காலம்! ஜாஸ் தனி வாசிப்புக்கு இலக்கணம் எழுதப்பட்ட ஆண்டுகளில் பெஷே அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களின் பக்கமே இல்லை. வரலாறு எழுதுகிறவர்கள் தட்டுகளை வைத்துத்தான் எழுதுகிறார்கள். தட்டு இல்லாத ஆண்டுகள் அவர்களுக்கு இல்லாத ஆண்டுகள்.

பழையதட்டு எழுதியது:

தட்டுகளை வைத்தே பேசுவோம், அம்மா. ‘கேக் வாக்கிங் பேபீஸ் ஃபிரம் ஹோம்’ என்ற ஒரே பாடலை ஆம்ஸ்ட்ராங்கும் பெஷேயும் சேர்ந்து இரண்டு முறை பதிவு செய்தார்கள். முதலாவது 1924 டிசம்பரில் ரெட் ஆனியன் ஜாஸ் பேபீஸ் என்ற பெயரில் ஜென்னெட் நிறுவனத்துக்கு. இரண்டாவது 1925 ஜனவரியில் புளூ ஃபைவ் பெயரில் ஓக்கே நிறுவனத்துக்கு. இடையில் சில வாரங்கள்தாம். இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதைப் போன்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

டிசம்பர் பதிவில் பாட்டு முடிந்து குழு மீண்டும் எழும்போது, பெஷே கார்னெட்டுக்கு அடியிலிருந்து புறப்பட்டு மேலேறி, ஆம்ஸ்ட்ராங் மூச்சு விடும் ஒவ்வோர் இடைவெளியையும் பிடுங்கிக்கொள்கிறார். கார்னெட் மெட்டைச் சொல்லுகிறதா, சோப்ரானோவுக்குப் பதில் சொல்லுகிறதா என்று தெரியாத அளவுக்கு அழுத்தம். ஜனவரிப் பதிவில் ஆம்ஸ்ட்ராங் விழித்துக்கொண்டுவிட்டார். தாளம் நின்று நின்று ஒலிக்கும் கடைசிச் சுற்றில் அவர் எடுக்கும் பாய்ச்சலுக்கு முன்னால் பெஷே, இளைத்துவிடவில்லை என்றாலும், முதன்முறையாகத் துரத்துகிறவர் ஆகிறார். டிசம்பரில் வென்றவர் பெஷே, ஜனவரியில் வென்றவர் ஆம்ஸ்ட்ராங் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் மாற்றுத் தீர்ப்பு இல்லை.

இதில் நான் கவனிப்பது இரண்டு பேரும் தோற்கத் தயாராக இல்லை என்பதைத்தான். பதினைந்து ஆண்டு கழித்து, 1940 மே மாதம் டெக்கா நிறுவனத்துக்காக இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் அதைப் போட்டியாக ஆக்கிவிட்டார் என்று பெஷே தம் தன்வரலாற்றில் குறைப்பட்டுக்கொள்கிறார். 1924-இல் போட்டியாக ஆக்கியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

கடலோரம் எழுதியது:

1930-களைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள், நண்பர்களே. அந்தப் பத்தாண்டுதான் பழையதட்டு ஐயாவின் கேள்விக்கு நேரான விடை.

1932 செப்டம்பரில் பெஷேயும் டிரம்பெட் கலைஞர் டாமி லாட்னியரும் நியூ ஆர்லியன்ஸ் ஃபீட்வார்மர்ஸ் என்ற ஆறு பேர் குழுவோடு விக்டர் நிறுவனத்துக்கு ஆறு பக்கங்கள் பதிவு செய்தார்கள். அவற்றில் ஸ்காட் ஜோப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ ஒன்று. 1899-இல் அச்சேறிய, நிதானமான நடையுள்ள பியானோ உருப்படியை எடுத்துக்கொண்டு, ஜோப்ளின் எழுதியதில் கொஞ்சத்தை மட்டும் மரியாதைக்கு விட்டுவைத்து, மீதியைத் தீப்பிடித்த வேகத்தில் சோப்ரானோவால் ஊதித் தள்ளுகிறார். இந்தப் பதிவுகளை எந்தப் பட்டியலில் வைத்தாலும் முன்வரிசையில் நிற்கும். ஆனால் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடிமட்ட ஆண்டு அது. தட்டு வாங்க ஆளில்லை. வாங்கியவர்களும் அப்போது பெரிய குழுக்களின் வழவழப்பான நடன இசையைத் தேடினார்கள். நியூ ஆர்லியன்ஸ் பாணி என்பது பழைய காலத்துச் சரக்கு என்று ஆகிவிட்டிருந்தது.

வேலை இல்லாமல் 1933-இல் பெஷேயும் லாட்னியரும் ஹார்லமில் தையற்கடை திறந்தார்கள். பெஷே துணிகளை இஸ்திரி போட்டார், லாட்னியர் செருப்புக்குப் பாலிஷ் போட்டார். கடையின் பின்புறத்தில் கலைஞர்கள் கூடி வாசிப்பதும் சமைத்துச் சாப்பிடுவதும் நடந்தன. வருமானம் சொல்லும்படி இல்லை. அடுத்த ஆண்டு அவர் நோபிள் சிசிலின் நடனக் குழுவுக்குத் திரும்பி, 1938 வரை அங்கேயே இருந்தார். எந்தக் குழுவிலும் அடங்காதவர் என்று சொல்கிறீர்களே ஐயா, சிசிலின் குழுவில் ஆண்டுக்கணக்கில் அடங்கித்தானே இருந்தார்? பாரிடோன், பேஸ் சாக்சபோன்களைக்கூட அங்கே எடுத்திருக்கிறார். பசி வந்தால் குணம் பத்தும் பறக்கும் என்பது ஹார்லமுக்கும் பொருந்தும்.

மீட்சி 1938 டிசம்பரில் வந்தது. கார்னெகி ஹாலில் நடந்த ‘ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்’ கச்சேரியில் பெஷேயும் லாட்னியரும் மேடையேறினார்கள். அதைக் கேட்ட ஜெர்மனியக் குடியேறி ஆல்பிரட் லயன் சில நாட்களில் தாமே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். பெயர் புளூ நோட். 1939 ஜூன் 8 அன்று அந்த நிறுவனத்துக்கு பெஷே ‘சம்மர்டைம்’ வாசித்தார். மீட் லக்ஸ் லூயிஸ் பியானோ, டெடி பன் கிட்டார், ஜானி வில்லியம்ஸ் பேஸ், சிட்னி காட்லெட் டிரம்ஸ். வழக்கமான பத்து அங்குலத் தட்டுக்குப் பதில் பன்னிரண்டு அங்குலத் தட்டு என்பதால் நான்கு நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அந்த இடத்தை அவர் விரைவாக நிரப்பவில்லை. மெட்டை ஒருமுறை ஏறத்தாழ அப்படியே சொல்லிவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் குரலின் கரகரப்பைச் சற்றுச் சற்றாக ஏற்றிக்கொண்டு போகிறார். புளூ நோட்டின் முதல் வெற்றித் தட்டு அதுவே. நான்கு நாள் முன்னர்தான் லாட்னியர் இறந்திருந்தார். அதே அமர்வில் அவருக்காக ‘புளூஸ் ஃபார் டாமி’ என்ற உருப்படியையும் பதிவு செய்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ஹாக்கின்ஸ் ‘பாடி அண்ட் சோல்’ பதிவு செய்தார். வரலாறு அவர் பக்கம் திரும்பியது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் திருப்பத்துக்குப் பெஷேயின் குணம் காரணமில்லை. ஹாக்கின்ஸ் கார்டுகளை உடைத்து உடைத்துக் கட்டினார், அடுத்த தலைமுறைக்கு அதிலிருந்து எடுத்துச் செல்ல ஒரு முறை கிடைத்தது. பெஷேயிடமிருந்து எடுத்துச் செல்லக் குரல் மட்டும்தான் இருந்தது, குரலை எடுத்துச் செல்வது கடினம்.

கரிசல்காடு எழுதியது:

ஒருவரே ஆறு கருவி வாசித்த தட்டு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். அதுவும் ஒட்டிக்கொண்ட கதையா, அக்கா? இல்லை உண்மையா?

நாணல்ரீட் எழுதியது:

அது உண்மை. 1941 ஏப்ரல் 18, விக்டர் நிறுவனம், பாடல் ‘தி ஷேக் ஆஃப் அராபி’. சோப்ரானோ, டெனார், கிளாரினெட், பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆறும் பெஷேதான்.

காந்த நாடா புழக்கத்துக்கு வராத காலம் அது. முதலில் ஒரு கருவியை வாசித்துத் தட்டில் வெட்டுவார்கள். அந்தத் தட்டை ஓடவிட்டு, கேட்டபடியே இரண்டாவது கருவியை வாசிக்க, இரண்டும் சேர்ந்து புதிய தட்டில் வெட்டப்படும். இப்படியே ஆறு. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் முன்னால் வாசித்தது மங்கும், இரைச்சல் கூடும். அதனால் முதலில் வாசித்த பியானோவும் டிரம்ஸும் ஏதோ பக்கத்து வீட்டிலிருந்து வருவதைப் போல் ஒலிக்கின்றன, கடைசியில் வந்த கிளாரினெட் பளிச்சென்று நிற்கிறது. நடுவில் ஒரு பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. முந்தைய அடுக்குக்குத் திரும்ப வேண்டும். தாளக் கருவிகளை எல்லாம் முதலில் முடித்துவிட நினைத்ததாகவும், வரிசை குழம்பிப்போய் இடையில் சோப்ரானோவை எடுத்துவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

இசை என்ற அளவில் அது பெரிய சாதனை இல்லை, தாளம் தள்ளாடுகிறது. ஆனால் மூன்று ஊதுகருவிகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போவதைக் கேளுங்கள். பெஷே யாருக்கும் இடம்விட்டு வாசித்தார் என்றால் அது பெஷேக்குத்தான்.

தெருவிளக்கு எழுதியது:

அமெரிக்காவின் கதையைப் பேசிவிட்டீர்கள். பிரான்சில் கழிந்த கடைசிப் பத்தாண்டு ஏன் எல்லோருக்கும் இனிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. 1949 மே மாதம் பாரிஸ் சால் பிளெயெல் அரங்கில் நடந்த விழாவில் சார்லி பார்க்கரும் மைல்ஸ் டேவிஸும் வாசித்தார்கள், பெஷேயும் வாசித்தார். அதற்குப் பிறகு அவர் செய்தது என்ன? கிளாட் லூத்தரின் இளைஞர் குழுவைப் பின்னால் நிறுத்திக்கொண்டு ‘லே ஸோன்யோன்’ போன்ற, கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு ஏற்ற பாட்டுகள். 1952-இல் ‘பெத்தித் ஃபிளேர்’ என்ற சர்க்கரைப் பாகு. 1955-இல் ஒலிம்பியா அரங்கில் இலவசக் கச்சேரிக்கு வந்த இளைஞர்கள் இருக்கைகளை உடைத்தார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இருக்கை உடைவது இசைக்குச் சான்றாகாது. லூத்தரின் குழுவில் அவரை எதிர்த்து நிற்க ஒரு லாட்னியர் இல்லை, ஓர் ஆம்ஸ்ட்ராங் இல்லை. பழையதட்டு ஐயாவின் வாதத்தை ஏற்றுக்கொண்டால், முதற்குரலாக மட்டுமே இருக்க விரும்பியவருக்கு அது கிடைத்தது, கிடைத்தபின் குரல் சோம்பிவிட்டது.

கடலோரம் எழுதியது:

கடுமையாகத் தீர்ப்பு சொல்கிறீர்கள், தோழரே. ஐம்பத்திரண்டு வயதில், ஹார்லமில் இஸ்திரி போட்டுப் பிழைத்த ஒரு கறுப்பினக் கலைஞருக்கு, ஒரு நாடு தெருவில் நின்று பார்க்கும் மரியாதையைக் கொடுத்தது. 1951-இல் ஆன்டீபில் அவருக்கு நடந்த திருமணம் ஊர்த் திருவிழா. அமெரிக்காவில் இருந்திருந்தால் அவருடைய கடைசி ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதற்கு மற்ற நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களின் வாழ்க்கையே பதில். நகர வாழ்க்கையும் சம்பளமும் கொடுத்த இடத்தில் அவர் தங்கினார். அதில் குணத்தைத் தேட வேண்டியதில்லை.

‘பெத்தித் ஃபிளேர்’ இனிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் கிளாரினெட்டில் அதை வாசித்து 1959-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெற்றி கண்ட கிறிஸ் பார்பர் குழுவின் பதிவையும் பெஷேயின் மூலத்தையும் கேளுங்கள். முன்னதில் மெட்டு இருக்கிறது. பின்னதில், இரண்டாம் வரியின் உச்சச் சுரத்தை அவர் நேராகத் தொடாமல் கீழிருந்து இழுத்து ஏற்றும் இடத்தில், 1923-இல் கேட்ட அதே மனிதர் இருக்கிறார்.

நூலகத்துமேசை எழுதியது:

இழையில் தன்வரலாறு மேற்கோள் காட்டப்பட்டதால் ஓர் எச்சரிக்கை. அந்த நூல் 1960-இல், அவர் இறந்த மறு ஆண்டு, அவர் வாய்மொழியாகச் சொன்னவற்றைப் பிறர் தொகுத்துச் செப்பனிட்டு வெளிவந்தது. அதன் தொடக்கத்தில், நியூ ஆர்லியன்ஸில் அடிமைகள் கூடி ஆடிய காங்கோ சதுக்கத்தில் ஆடிய அடிமையாகத் தம் பாட்டனாரைக் காட்டும் பெரிய கதையை ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, அது நியூ ஆர்லியன்ஸில் வழங்கிய பழைய நாட்டார் கதையொன்றின் சாயலில் இருப்பதையும், குடும்ப ஆவணங்களோடு பொருந்தாததையும் கண்டார்கள். பாட்டனாருக்கு அவர் கொடுத்த பெயர்கூடத் தந்தையின் பெயர்தான். ஆகவே ஆண்டு, இடம், யார் யாரைச் சுட்டார் என்பதற்கெல்லாம் அந்த நூலை நம்ப வேண்டாம். இசை எங்கிருந்து வருகிறது என்று பெஷே எப்படி நினைத்தார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. அடிமை வாழ்வின் நினைவைச் சுமந்து வரும் ஒரு நீண்ட ஓட்டத்தில் தம்மை ஒரு கண்ணியாக அவர் கண்டிருக்கிறார். தம்மை மட்டுமே முன்னிறுத்தியவர் என்று நாம் இங்கே வரைந்த சித்திரத்துக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை என்பதைப் பழையதட்டு ஐயா கவனிக்க வேண்டும்.

பழையதட்டு எழுதியது:

கவனித்தேன், அம்மா. இருந்தாலும் மேடையில் அவர் நடந்துகொண்ட விதத்தை நூலின் தத்துவம் மாற்றாது. 1945-இல் பாஸ்டனில் டிரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சனோடு சேர்ந்த குழு சில வாரங்களில் உடைந்ததும் இதே கதைதான், அதில் ஜான்சனின் குடிக்கும் பங்கு உண்டு என்றாலும்.

கடலோரம் சொன்ன ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது: பெஷேயின் குரலை எடுத்துச் செல்ல முடியாது என்பது. ஜானி ஹாட்ஜஸ் 1920-களின் நடுவில் ஹார்லமில் பெஷேயிடம் கற்றவர். எலிங்டன் குழுவில் ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்சபோன், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கி ஏறும் அந்த நடை, பெஷேயின் சோப்ரானோவிலிருந்து இறங்கி வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு எலிங்டனின் இசைக்கு அதுவே அடையாளமாக இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் புரூக்ளினில் பெஷேயின் வீட்டிலேயே தங்கிப் படித்த பாப் வில்பர் அந்த வாசிப்பை நம் காலம் வரை கொண்டுவந்தார். ஸ்டீவ் லேசி பெஷேயின் தட்டைக் கேட்டுவிட்டுச் சோப்ரானோவை எடுத்தார், பிறகு வேறு எந்தச் சாக்சபோனையும் தம் கருவியாகக் கொள்ளவில்லை. கோல்ட்ரேன் 1960 அக்டோபரில் சோப்ரானோவில் ‘புளூஸ் டு பெஷே’ என்று ஒன்றைப் பதிவு செய்தார். பெஷே அதைக் கேட்கவில்லை. 1959 மே 14 அன்று, தம் அறுபத்திரண்டாம் பிறந்தநாளில், பாரிஸுக்கு அருகே கார்ஷில் நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

எலிங்டன் 1970-இல் தம் ‘நியூ ஆர்லியன்ஸ் சூட்’ தொகுப்பில் பெஷேயின் உருவச்சித்திரமாக ஓர் உருப்படி எழுதினார். 1940-களின் தொடக்கத்திலேயே சோப்ரானோவைக் கைவிட்டுவிட்ட ஹாட்ஜஸ் அதை மீண்டும் எடுத்து அந்த உருப்படியை வாசிக்க வேண்டும் என்பது எலிங்டனின் விருப்பம். பதிவுக்குச் சில நாள் முன் ஹாட்ஜஸ் இறந்துவிட, பால் கொன்சால்வெஸ் டெனாரில் வாசித்தார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று தனிமடலில் இருவர் கேட்டிருந்தார்கள். 1932-இன் ஆறு விக்டர் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள், ‘சம்மர்டைம்’ அடுத்து. இரண்டு ‘கேக் வாக்கிங் பேபீஸ்’ பதிவுகளை, பழைய ஒலித்தரத்துக்குக் காது பழகிய பிறகு, ஜென்னெட் முதலாவதாகவும் ஓக்கே இரண்டாவதாகவும் கேளுங்கள். வரிசையை மாற்றினால் சண்டை புரியாது.